பன்னிரண்டு மணி நேரம் தாங்கிய கார்டு

உர்சுலாவுக்கு வெப்பமானி தேவையில்லை. நடுவிரலைத் திருப்பி, அதன் முதுகால் பொருளைத் தொட்டுக்கொண்டு எண்ணுவாள். ஐந்து எண்ணும்வரை விரல் தாங்கினால் ஐம்பது டிகிரி. மூன்றுக்குள் எடுத்துவிட்டால் அறுபது. பட்டவுடனே விரல் தானாகத் துள்ளினால் எழுபதுக்கு மேல். சிங்கப்பூரின் பூன் லேயில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்துக் கற்றுக்கொண்டது அது.

அவள் இருந்த பகுதிக்கு ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பெயர் உண்டு. பெண்கள் அதை அடுப்பு ரூம் என்றார்கள். புதிதாகச் செய்த சர்க்யூட் பலகைகளை ஆளுயர இரும்பு அடுப்புகளுக்குள் அடுக்கி, மின்சாரமும் கொடுத்து, நாற்பத்தெட்டு மணி நேரம் சூட்டிலேயே ஓடவிடுவார்கள். கடைக்குப் போன பிறகு கெட்டுப்போவதைவிட, கெடுவது இங்கேயே கெடட்டும் என்பதுதான் ஏற்பாடு. செத்ததைக் கூடையில் போட்டுவிட்டு, பிழைத்ததன் மூலையில் பச்சைப் பெயின்ட்டால் ஒரு புள்ளி வைத்து அனுப்புவார்கள். அந்தப் புள்ளி விழுந்த பலகையைப் பற்றி அப்புறம் யாரும் கவலைப்பட்டதில்லை.

எண்பத்தெட்டாம் வருடம் ஜூன் மாதம் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். அடுப்பு ரூம் எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூருக்கு மாறுகிறது. நாற்பத்தொரு பெண்களுக்கும் ஆகஸ்ட் கடைசியோடு வேலை முடிகிறது. தாளின் அடியில் எல்லாருக்கும் நன்றி சொல்லியிருந்தார்கள்.

மற்ற நாற்பது பேரிடம் இல்லாத ஒன்று உர்சுலாவிடம் இருந்தது. இரண்டு வருடமாக வாரத்துக்கு இரண்டு மாலை, கம்ப்யூட்டரில் கட்டட வரைபடம் போடும் வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கியிருந்தாள். அவள் பிழைப்பு இனி அந்தச் சான்றிதழில்தான் இருந்தது. செலிகி ரோட்டில் ஒரு கட்டடக் கலைஞர் அலுவலகம் வரைவாளர் ஒருவரைத் தேடுவதாகக் கேள்விப்பட்டு எழுதிப் போட்டாள். முப்பத்துநாலு வயது ஆபரேட்டரை யார் கூப்பிடப் போகிறார்கள் என்று அவளே நினைத்துக்கொண்டிருந்தபோது கூப்பிட்டார்கள்.

அலுவலகத்தை நடத்திய அழகப்பன் நேராகப் பேசுகிறவர். "மிஸஸ் ஜார்ஜ், சர்டிபிகேட் எல்லார்கிட்டயும் இருக்கு. நீங்களே ஒரு பழைய ஷாப்ஹவுஸை அளந்து, தரைப்படமும் முகப்பும் கம்ப்யூட்டர்ல போட்டுக் கொண்டாங்க. டிஸ்க்கும் வேணும், பிரிண்ட்டும் வேணும். வர்ற சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை, மதியம் பன்னிரண்டுக்குள்ள. இன்னொருத்தரும் கொண்டு வர்றார். எது நல்லா இருக்கோ அவங்களுக்கு வேலை."

அடுத்த நாளே கெர்பாவ் ரோட்டில், கீழே கடையும் மேலே வீடுமான இரண்டு மாடிக் கடைவீடு ஒன்றை அளந்தாள். நாடாவின் மறுமுனையைப் பிடித்தது அவள் கணவன் ஜார்ஜ். துறைமுகத்தில் சரக்கு தூக்கும் போர்க்லிப்ட் ஓட்டுபவன். ஓய்வு நாளில் இழுத்து வந்துவிட்டாளே என்ற முகத்தோடு நின்றான். கடைக்காரர் ஓடி வந்து, "என்னாங்க, கவர்மென்ட் எடுக்கப் போவுதா?" என்று கேட்டார்.

"இல்லண்ணே, என் பொண்டாட்டி எடுக்கப் போறா," என்றான் ஜார்ஜ்.

பஃபலோ ரோட்டு வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. ஜார்ஜின் அண்ணன் அலுவலகத்தில் கழித்துக் கட்டியது. திரையில் படம் காட்டும் பலகை, அதாவது கிராபிக்ஸ் கார்டு, மட்டும் அதில் செத்திருந்தது. ரோச்சோர் பக்கம் சிறு கடை வைத்திருந்த அப்துல் அலீமிடம் போய் ஒரு ரீகண்டிஷன் கார்டு வாங்கி வந்தாள். யாரோ பயன்படுத்தித் தூக்கிப் போட்டதைக் கழுவி, பழுதானதை மாற்றி, மறுபடி பற்றவைத்து விற்பார் அவர். மாட்டியவுடன் திரை பளிச்சென்று வந்தது. உர்சுலா சுவரில் இருந்த மாதா படத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள்.

திங்கட்கிழமை மாலை வரைய உட்கார்ந்தாள். இருபதாவது நிமிடத்தில் கோடுகள் நடுங்கின. பிறகு திரை முழுக்க எறும்பு ஊர்வதுபோல் புள்ளிகள் ஓடின. பிறகு எல்லாம் அப்படியே உறைந்து நின்றது. மூடியைக் கழற்றி, கார்டின் நடுவில் இருந்த பெரிய சிப்பில் விரல் முதுகை வைத்தாள். ஒன்றுகூட எண்ணவில்லை, விரல் துள்ளியது.

மறுநாள் வேலை முடிந்து நேராக அலீம் கடைக்குப் போனாள்.

"பாய், இது கொதிக்குது."

"அக்கா, ரீகண்டிஷன்னா கொஞ்சம் சூடு இருக்கத்தான் செய்யும் லா. வயசான ஆளுக்கு மூச்சு வாங்குற மாதிரி."

"எவ்ளோ நேரம் ஓட்டிப் பாத்துக் குடுத்தீங்க?"

"பத்து நிமிசம். படம் வந்துச்சு, நானே பாத்தேன்."

"இருபதாவது நிமிசத்துல சாகுது."

அலீம் தலையைச் சொறிந்தார். ஏமாற்றுகிற ஆள் இல்லை. அவர் கடையில் பத்து நிமிடம் என்பதே நீண்ட நேரம். "வேற கார்டு அடுத்த செவ்வாய்தான் வரும் அக்கா. அதுவரைக்கும் பேன் வச்சு ஓட்டுங்க. பக்கத்துல வேற கார்டு இருந்தா தள்ளி மாட்டுங்க, காத்து போவட்டும்."

செவ்வாய் என்பது சனிக்குப் பிறகு வருவது. ஆகவே சொன்னதையெல்லாம் செய்தாள். மூடியைக் கழற்றியே வைத்தாள். மேசை விசிறியைப் பக்கத்தில் இழுத்து முகம் திருப்பினாள். கார்டை ஓரத்துக்கு மாற்றிச் செருகினாள். அடுப்பு ரூம் மேற்பார்வையாளரிடம் கேட்டு, சூடு கடத்தும் வெள்ளைப் பசையைக் காகிதத்தில் கொஞ்சம் வழித்து வந்து, சிப்பின் தலையில் ஒரு அலுமினியத் துண்டை ஒட்டினாள். இருபது நிமிடம் முப்பத்தைந்தானது, முப்பத்தைந்து ஐம்பதானது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை டிஸ்கில் சேமித்து, திரை நடுங்கியதும் நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி உட்காருவாள். ஜார்ஜ் வியர்வையைத் துடைத்தபடி, "ஏ உர்சு, வீட்ல இருக்கிறது ஒரு பேன். அது அந்தப் பெட்டிக்கு. எனக்கு?" என்பான்.

"சனிக்கிழம வரைக்கும் வேர்த்துக்குங்க."

புதன் இரவுச் சாப்பாட்டுக்குள் தரைப்படம் முடிந்துவிட்டது. மிச்சம் முகப்பு. தூண்கள், ஓடுகள், மாடியில் மூன்று ஜன்னல். ஒவ்வொரு ஜன்னலிலும் சாய்ந்த மரச்சட்டங்கள் நாற்பதுக்கு மேல். இரண்டு மாலை வேலை. வியாழன், வெள்ளி. வெள்ளிக்கு விடுப்பும் எழுதிக் கொடுத்திருந்தாள். இதே ஐம்பது நிமிடக் கணக்கில் போயிருந்தால் முடித்திருப்பாள் என்றுதான் இன்றைக்கும் ஜார்ஜ் சொல்கிறான்.

ஆனால் பன்னிரண்டு வருடம் அடுப்பு ரூமில் இருந்தவளுக்கு, இருக்குமோ போகுமோ என்ற நிலையில் ஒரு பலகையை வைத்துக்கொண்டு உட்காரத் தெரியாது. அங்கே அப்படி ஒரு வகையே கிடையாது. பச்சைப் புள்ளி, இல்லையென்றால் கூடை. வெள்ளிக்கிழமை ஜன்னல் போடும்போது கார்டு போய்விட்டால்? அந்த நினைப்பு புதன் மாலையே பஸ்ஸில் அவளோடு ஏறிவிட்டது. பக்கத்தில் இருந்த செல்லக்கண்ணுவிடம் சொன்னாள். செல்லக்கண்ணு அவளோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவள், அதே அடுப்புகளில் பலகை ஏற்றுகிறவள்.

"இதுக்கா இவ்ளோ யோசனை? ஒரு அடுப்பு போட்டுப் பாத்துருடி," என்றாள் செல்லக்கண்ணு.

"வீட்லயா?"

"விசிறிய நிறுத்து, மூடியப் போடு, மேல துண்டப் போட்டு மூடு. நாப்பத்தெட்டு மணி நேரம் இல்லாட்டியும் பன்னெண்டு மணி நேரம். சாகுறதா இருந்தா நாளைக்கே சாகட்டும். பாய் கைய கால புடிச்சு வெள்ளிக்கெழம வேற ஒண்ணு பாக்கலாம். பொழச்சுதுன்னா நிம்மதியா வரையலாம் இல்ல?"

குறை சொல்ல முடியாத யோசனை. உர்சுலாவும் அதையேதான் நினைத்திருந்தாள். இன்னொருத்தி வாயிலிருந்து கேட்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

வியாழன் காலை ஐந்தரை மணிக்கு, படத்தைத் திரும்பத் திரும்ப வரையச் சொல்லிக் கம்ப்யூட்டரை ஓடவிட்டாள். மூடியை மாட்டினாள். மேலே இரண்டு துண்டு போட்டுப் போர்த்தினாள். வேலைக்குக் கிளம்பிய ஜார்ஜ் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்தான்.

"என்ன, காய்ச்சலா அதுக்கு?"

"சோதனை."

"பாக்டரில சுட்டது பத்தலையா, வீட்லயும் சுடணுமா?"

மாலை ஐந்தரைக்கு அவள் கதவைத் திறந்தபோது அறையே வெந்திருந்தது. துண்டுகளை எடுத்தாள். திரையில் கடைவீட்டின் தரைப்படம் ஒரு கோடுகூட நடுங்காமல் நின்றது. எப்படித் தாங்கியதென்று தெரியவில்லை, ஆனால் பன்னிரண்டு மணி நேரம் தாங்கியிருந்தது. உர்சுலா சின்னப் பெண்போல் கை தட்டினாள். கம்ப்யூட்டரை அணைத்து, கார்டைக் கழற்றி, நகப்பூச்சுப் புட்டியை எடுத்து அதன் மூலையில் ஒரு புள்ளி வைத்தாள். பச்சை இல்லை, சிவப்புதான் இருந்தது.

அன்று மாலை அவள் வரையவில்லை. அடுப்பிலிருந்து இறக்கியதை இரவு முழுக்க ஆறவிட வேண்டும், அதுவும் அடுப்பு ரூம் விதி.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தாள். விசிறி ஓடியது, மூடி திறந்திருந்தது. தூண்கள் முடிந்தன. ஓடுகள் முடிந்தன. முதல் ஜன்னலில் பதினோராவது சட்டம் போடும்போது திரை ஒருமுறை இமைத்தது. அப்புறம் கறுப்பு. நடுக்கம் இல்லை, புள்ளிகள் இல்லை. விரலை வைத்தாள். ஐந்து எண்ணினாள், பத்து எண்ணினாள். சூடே இல்லை.

அரைமணி நேரம் காத்திருந்தாள். கழற்றி மாட்டினாள். விசிறியை நிறுத்தினாள், போட்டாள். திரை வரவில்லை. கார்டைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு ரோச்சோருக்கு நடந்தாள். அலீம் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார். இழுத்துவிட்ட இரும்புக் கதவின் முன்னால் ஒன்றேகால் மணி நேரம் நின்றாள். வந்தவர் அவள் முகத்தைப் பார்த்ததும் கார்டை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்தார்.

"என்ன பண்ணுனீங்க அக்கா?"

சொன்னாள்.

"துண்டு போட்டா மூடுனீங்க?" அலீம் கண்ணாடியைக் கழற்றினார். "அக்கா, உங்க பாக்டரில போடுறது புதுசு. இது ரெண்டு தரம் செத்து நான் எழுப்புனது. இங்க பாருங்க, நான் ஈயம் வச்சுப் பத்தவச்ச இடமெல்லாம் வெடிச்சுக் கிடக்கு. புதுசு சூட்டத் தாங்குச்சுன்னா பலம்னு அர்த்தம். பழசு தாங்குச்சுன்னா, இருந்ததையெல்லாம் செலவழிச்சுருச்சுன்னு அர்த்தம்."

பிழைத்து வெளியே போன பலகைகளில் ஒன்று அப்புறம் எத்தனை நாள் ஓடியதென்று உர்சுலா ஒருநாளும் பார்த்ததில்லை. புள்ளி வைத்து அனுப்பியதோடு சரி.

அலீம் நாலு இடத்தில் மறுபடி பற்றவைத்தார், ஐந்தாவது இடத்தில் பலகையின் செம்புத் தடமே உரிந்து வந்துவிட்டது. கையில் இருந்தது வெறும் எழுத்து காட்டும் கார்டுதான். அதில் கோடு போட முடியாது. பக்கத்துக் கடைகளிலும் ஏறி இறங்கிப் பார்த்தார். "மன்னிச்சுருங்க அக்கா," என்றார். அவரிடம் கோபப்படக் காரணம் எதுவும் அவளுக்குக் கிடைக்கவில்லை.

படித்த வகுப்புக்குப் போனாள். புதிய மாணவர்கள் எல்லா இருக்கையிலும் இருந்தார்கள். சீன ஆசிரியர் அவளை நினைவில் வைத்திருந்தார். டிஸ்கை வாங்கி அச்சடித்து மட்டும் கொடுத்தார். தரைப்படம் முழுதாக வந்தது. முகப்பு, கடைசியாகச் சேமித்த முதல் ஜன்னலின் பத்தாவது சட்டத்தோடு நின்றது. பார்த்தால் யாரோ மீதி ஜன்னல்களைத் திருடிக்கொண்டு போனதுபோல் இருந்தது.

அன்று மாலை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, அளவுகோலும் பென்சிலும் வைத்து மீதியைக் கையால் வரைந்தாள். வரைய வரைய அவளுக்கே தெரிந்தது இது கேட்ட வேலை இல்லையென்று. ஆனால் பாதி ஜன்னலோடு போக மனம் வரவில்லை.

சனிக்கிழமை பதினொன்றரைக்கு அழகப்பன் அந்தத் தாளை ஜன்னலோர வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"இது பென்சில்."

"ஆமா சார். கார்டு சூடாகிப் போயிடுச்சு."

"கை ரொம்ப சுத்தமா இருக்கு, மிஸஸ் ஜார்ஜ். உண்மையைச் சொல்றேன், இந்த ஆபிஸ்ல இருக்கிறவங்களைவிட நல்லா இருக்கு." தாளை மெதுவாக மேசையில் வைத்தார். "ஆனா கையால வரையறவங்க ஏற்கெனவே மூணு பேர் இருக்காங்க. அவங்களை என்ன பண்றதுன்னே எனக்குத் தெரியல."

"சார், டிஸ்க்ல தரைப்படம் முழுசா இருக்கு. ஒரு நாள் கொடுத்தீங்கன்னா..."

"இன்னொருத்தர்னு சொன்னேனே, அவர் நேத்தே கொடுத்துட்டார். முழுசா. நான் சரின்னு சொல்லிட்டேன்." அவர் குரலில் கடுமை இல்லை. இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "அவரோட மாமா ஆபிஸ்ல புது மெஷினாம்."

டிஸ்கை உறையில் போட்டு அவளிடமே கொடுத்தார். வாசல்வரை வந்து கதவைத் திறந்துவிட்டார்.

கீழே ஜார்ஜ் நின்றிருந்தான். துறைமுகத்தில் அரைநாள் கேட்டு வந்திருந்தான். சட்டையை இஸ்திரி போட்டிருந்தான். அவள் படியிறங்கி வருவதைப் பார்த்ததும் கைப்பையை வாங்கிக்கொண்டான். இருவரும் பஸ் நிற்குமிடத்துக்கு நடந்தார்கள்.

"இன்னும் ரெண்டு மணி நேரம் ஓடியிருந்தாப் போதும்ங்க," என்றாள் உர்சுலா. "ரெண்டே மணி நேரம்."

ஜார்ஜ் கைப்பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, வந்த பஸ்ஸுக்குக் கை காட்டினான்.

அடுப்பு ரூம் வேலையும் முடிகிற ஆகஸ்ட் கடைசிக்கு இன்னும் ஐந்து வாரமும் சில நாளும் இருந்தன.