பலாமரத்துக் கேஸும் ஒரு நிக்காஹும்

ஆங்கிலம் எனக்குச் சோறு போட்ட மொழி என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் சோறு போட்டது அதிலிருந்த ஒரே ஒரு சொல்தான். கேஸ். கண்டியில் ஒரு யாழ்ப்பாணத்துப் பிரக்கிராசியிடம் நான் கிளாக்கராக இருந்தேன். அவர் நீதிமன்றத்தில் கேஸ் பேசுவார். நான் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவேன். ஆயுள் முழுக்கப் படித்த புத்தகங்கள் கட்டுத் தூக்கும் கைக்கு ஒரு பலமும் தரவில்லை.

விடிந்தால் அந்தச் சொல்தான். "தலகாணிக் கேஸ் கிழிஞ்சிருச்சு, வரும்போது துணி வாங்கிட்டு வாங்க" என்பாள் மனைவி. தெருவில் இறங்கினால் கடைக்காரன் லொறியிலிருந்து சோடாக் கேஸ் இறக்கிக்கொண்டிருப்பான். பக்கத்து வீட்டுக்காரருக்கு ஆஸ்பத்திரியில் வேலை. "நேத்து ரெண்டு கேஸ் போயிருச்சுங்க" என்பார், பஸ் போய்விட்டது என்பதைப் போல. குளக்கரையில் தனக்குத்தானே பேசிக்கொண்டு நடப்பவரை ஊர் "அது ஒரு கேஸ்" என்றுதான் சொல்லும். என்னையும் சொல்லியிருக்கிறார்கள், நான் லத்தீன் வேற்றுமைகளை முணுமுணுத்து நடந்த காலத்தில். அந்த வேற்றுமைகளுக்கும் ஆங்கிலத்தில் கேஸ் என்றுதான் பெயர். ஆறில் நாலுக்கு மேல் எனக்கு வரவில்லை. லத்தீன் சொல்லித்தந்த பாதிரியார் என்னைப் பற்றிச் சொன்ன முடிவிலும் அதே சொல் இருந்தது: 'ஹோப்லெஸ் கேஸ்'.

என் பிரக்கிராசிக்கு 'இன் எனி கேஸ்' என்று ஆரம்பிப்பது வழக்கம். அப்படி ஆரம்பித்தால் அதுவரை நாம் சொன்ன எதையும் அவர் கேட்கவில்லை என்று அர்த்தம்.

ஒரு நாள் சலிப்பில் பெரிய அகராதியைப் புரட்டினேன். இது ஒரு சொல் அல்ல, இரண்டாம். ஒன்று 'விழுதல்' என்ற வேரிலிருந்து வந்தது, மற்றது 'பெட்டி' என்ற வேரிலிருந்து. ஊராரின் தலையில் எதுவோ விழும். நாங்கள் அதைப் பெட்டியில் போட்டு மூடி வைப்போம். என் உத்தியோகத்தை அவ்வளவு சுருக்கமாக யாரும் அதற்கு முன் எனக்குச் சொன்னதில்லை. அகராதியை மூடிவிட்டு அடுத்த கட்டைப் பிரித்தேன்.

அது தெல்தெனியப் பலாமரத்துக் கேஸ். அண்ணன் தம்பி இரண்டு முஸ்லிம் வியாபாரிகள், அடுத்தடுத்த தோட்டம், நடுவில் ரோட்டோரமாக ஒரு பலாமரம். அது நின்ற நிலத்துண்டு யாருடையது என்பது கேள்வி. கேள்வி தீருவதற்குள் அண்ணன் இறந்துபோனார். அவருடைய மனைவி எங்கள் கட்சிக்காரியாகக் கேஸைத் தொடர்ந்தாள். தவணை நாட்களில் அவளும் கொழுந்தனும் ஒரே பஸ்ஸில்தான் கண்டிக்கு வருவார்கள். வேறு பஸ் இல்லை. அவர் முன்கூட்டியே ஏறி, அவளுக்கு முன் ஆசனத்தில் கைலேஞ்சியைப் போட்டு இடம் பிடித்து வைப்பார். ஆனால் ஒரு வார்த்தை பேச்சுக் கிடையாது. கேஸ் நடக்கிறதே.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், தவணை இல்லாத ஒரு நாளில் அந்த அம்மாள் பிரக்கிராசியின் கந்தோருக்கு வந்து கதிரையின் நுனியில் உட்கார்ந்தாள்.

"கிளாக்கர் ஐயா, பிள்ளைக்கு நாவலப்பிட்டில ஒரு எடம் சரிவந்தீக்கி. நோம்புக்கு முந்தி நிக்காஹ் வைக்கச் சொல்றாங்க."

"நல்ல விசயந்தானே உம்மா."

"நல்லந்தான். வொலிக்குத்தான் ஆளில்ல. வாப்பா மௌத்து. வாப்பாட வாப்பாவும் இல்ல. கூடப் பொறந்த ஆம்புளப் புள்ளயும் இல்ல. அப்பிடியெண்டா சாச்சாதான் நிண்டு பிள்ளையக் கைபிடிச்சுக் குடுக்கணும், இல்லாட்டி நிக்காஹ் சேராதுண்டு பள்ளி லெப்பை சொல்றாரு."

"சாச்சான்னா..."

"எதிராளிதான்" என்றாள், நீதிமன்றத் தமிழில்.

"போன தவணைக்கு வந்தப்ப பஸ்ஸுலயே சொல்லியிருக்கலாமே?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "கேஸ் நடக்கக்குள்ள பேசலாமா? ஐயாக்கிட்டக் கேக்காம நான் ஒண்டும் செய்யமாட்டன்."

கண்டிப் பக்கத்தில் நிலக் கேஸ் உள்ள குடும்பங்களுக்கு இது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டிருந்தது. காய்ச்சலுக்கு வைத்தியரிடம் போகலாமா என்று பிரக்கிராசியைக் கேட்டவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். உள்ளே போய்ச் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"எதிர்த்தரப்பு ஆளோட நேரடியா ஒரு கதையும் வேண்டாம். எல்லாம் பிரக்கிராசி மூலமாத்தான். காணும், ஒரு கடிதம் அடியும்."

அடித்தேன். ஒரு பெண்ணின் சிற்றப்பாவை அவள் கல்யாணத்துக்கு அழைக்கும் ஆங்கிலக் கடிதம், எங்கள் கட்சிக்காரர், உங்கள் கட்சிக்காரர் என்று. அதைவிடக் குளிர்ந்த கல்யாண அழைப்பை நான் கண்டதில்லை. பிழையில்லாமல் அடித்திருந்தேன் என்பதே அன்றைய திருப்தி.

எதிர்ப் பிரக்கிராசியின் கிளாக்கர் என் தேத்தண்ணிக் கூட்டாளி. மறுநாள் கடையில் பதிலைக் கொண்டுவந்தார்.

"எங்க ஆளுக்குச் சம்மதந்தாங்க. எங்க ஐயாவுக்குத்தான் ஒரு சந்தேகம். கல்யாண வூட்டுக்குப் போற பாதை அந்தத் துண்டு நெலத்து மேலதானே இருக்கு? ஒங்க ஆள் கூப்பிட்டு எங்க ஆள் அதுல நடந்தா, நெலம் ஒங்களுதுன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடாதா?"

"அப்ப கூப்பிடாமப் போகச் சொல்லுங்க."

"கூப்பிடாமப் போனா அத்துமீறல்."

இருவரும் இன்னொரு தேத்தண்ணி சொன்னோம். கந்தோருக்கு வந்து சொன்னபோது என் பிரக்கிராசியின் முகம் மலர்ந்தது. "நல்ல பொயின்ற் காணும்! விடக்கூடாது" என்றார். பலநாள் காணாத உற்சாகம்.

கடிதங்கள் போயின, வந்தன. இந்தத் தெருவிலிருந்து அந்தத் தெருவுக்குத்தான். நடந்தால் ஒரு சுருட்டு முடியாத தூரம். நடந்தது நான். நோன்பு நெருங்கிக்கொண்டிருந்தது. கம்பளையில் இன்னொரு பெண் இருப்பதாக நாவலப்பிட்டிக்காரர் சொல்லி அனுப்பினார்கள். அந்த அம்மாள் மறுபடி வந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். கைக்குட்டை எடுத்துக் கொடுக்கவாவது தெரிந்திருக்கும்.

"இந்த எடம் வுட்டுப்போனா, கேஸ்காரிட மகள இனி எவன் கேட்டு வருவான்?" என்று மட்டும் கேட்டாள். சட்டப் புத்தகங்கள் நிறைந்த அலுமாரியைப் பார்த்தேன். அது என்னைப் பார்த்தது.

கடைசியில், பாதையில் நடப்பதால் எவருடைய உரிமைக்கும் பங்கமில்லை என்று ஒரு பத்திரம் எழுதுவதென்றும், இரண்டு பிரக்கிராசிகளும் அதில் கையெழுத்து வைப்பதென்றும் முடிவாயிற்று. கல்யாணத்துக்கு நாள் குறித்தார்கள். எங்கள் ஐயா கையெழுத்து வைத்தார். எதிர்ப் பிரக்கிராசி கையெழுத்து வைக்க மறந்துவிட்டுக் கொழும்புக்குப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நானும் மற்றக் கிளாக்கரும் அரைப் பத்திரத்தோடு தெல்தெனியாவில் இறங்கினோம். மாப்பிள்ளை வீட்டார் நாவலப்பிட்டியிலிருந்து கண்டி வரை ரயிலிலும் பிறகு வாடகைக் காரிலும் வந்து உள்ளே பாயில் உட்கார்ந்திருந்தார்கள். ரோட்டில், பாதை தொடங்கும் இடத்தில், வெள்ளைச் சாரம், கோட்டு, தொப்பியோடு சாச்சா நின்றார். அத்தர் மணந்தது. வியர்வை வழிந்தது.

"கால் வைக்கலாமா?" என்று தன் கிளாக்கரைக் கேட்டார்.

"ஐயா இன்னும் கையெழுத்துப் போடலிங்களே."

"அப்ப எப்ப போடுவாரு?"

"செவ்வாக்கெழமை வருவாரு."

லெப்பை வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார். நண்பகல் லுஹர் தொழுகைக்கு நேரம் நெருங்குகிறது என்றார். மாப்பிள்ளையின் வாப்பா சத்தமாகத் தொண்டையைச் செருமினார். "நாங்க ரயிலைப் பிடிக்கணும், தெரியுந்தானே" என்றார். கல்யாணத்தோடா கல்யாணம் இல்லாமலா என்று அவர் சொல்லவில்லை. எல்லாருக்கும் விளங்கியது.

அப்போது ஜன்னல் பாதி திறந்தது. ஆள் தெரியவில்லை, அந்த அம்மாளின் குரல் வந்தது. கொழுந்தனோடு நேரே பேசக்கூடாதல்லவா? அதனால் என் தலையில் விழுந்தது.

"கிளாக்கர் ஐயா! அவர்ட்டக் கேளுங்க. பிள்ள அம்ம போட்டுக் கெடக்கக்குள்ள ஒவ்வொரு நாளும் வேப்பெல கொண்டுவந்தாரே, அப்ப எந்தப் பக்கத்தால வந்தாருண்டு கேளுங்க."

கேட்கத் தேவையிருக்கவில்லை. சாச்சாவின் முகம் கறுத்தது. திரும்பித் தன் தோட்டத்துக்குள் போய்விட்டார்.

அவ்வளவுதான் என்று நினைத்தேன். மாப்பிள்ளையின் வாப்பாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். எழுந்து சாரத்தை உதறினார். ஜன்னல் மூடிக்கொண்டது. முடிந்த கேஸ்கள் நிறையப் பார்த்தவன் நான். முடிகிறபோது சத்தமே வராது என்று எனக்குத் தெரியும்.

சத்தம் வந்தது. வீட்டின் பின்பக்கம், குசினிக்கு அப்பால், கத்தி விழும் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தோம். கேஸிலிருந்த துண்டு நிலத்துக்கு அப்பால், இரண்டு தோட்டத்துக்கும் நடுவிலிருந்த காட்டாமணக்கு வேலியைச் சாச்சா தன் பக்கத்திலிருந்து வெட்டிக்கொண்டிருந்தார். கோட்டை மட்டும் கழற்றிக் கிளையில் மாட்டியிருந்தார். வேலி அடைக்குமுன் வேப்பிலை வந்த வழி அதுதான்.

மற்றக் கிளாக்கர் தலையில் கை வைத்தார். "ஐயையோ! அது சேவையர் அளந்த வேலிங்க! எங்க பக்கத்துச் சாட்சியே அதுதான்! எங்க ஐயாகிட்ட நான் என்னத்தச் சொல்லுவேன்?"

"பாக்கலன்னு சொல்லுங்க" என்றேன். என் முழு உத்தியோக காலத்திலும் நான் சொன்ன ஒரே சட்ட ஆலோசனை அதுதான்.

வேலியில் ஆள் நுழையும் அளவு இடைவெளி வந்ததும் கத்தியைக் கீழே போட்டார். கோட்டை மாட்டினார். சாரத்தின் ஓரம் கிழிந்திருந்தது, கையெல்லாம் பால் பிசுபிசுத்தது. குசினி வழியாகப் பெண்கள் விலகி வழிவிட, கூடத்துக்கு வந்து மாப்பிள்ளைக்கு எதிரே பாயில் உட்கார்ந்தார். கழுவச் சொல்லி யாரோ தண்ணீர் நீட்டினார்கள். கழுவினார். லெப்பை அவருடைய கையையும் மாப்பிள்ளையின் கையையும் சேர்த்துவைத்துச் சொல்லவேண்டியதைச் சொல்லிக்கொடுத்தார்.

சாச்சா வாயைத் திறந்தார். அண்ணனின் பெயரைச் சொல்லி, இன்னாருடைய மகளை என்று வரவேண்டிய இடத்தில் குரல் நின்றுவிட்டது. மறுபடி ஆரம்பித்தார். மறுபடியும் அங்கேயே நின்றது. லெப்பை காத்திருந்தார். திரைக்குப் பின்னால் யாரோ விம்மினார்கள், பெண்ணாக இருக்கலாம்.

"நெஞ்சுக்குள்ள சொன்னா சரிவராது" என்றது திரைக்குப் பின்னாலிருந்து அந்த அம்மாளின் குரல். இந்தத் தடவை என்னைக் கூப்பிடவில்லை. "சத்தமாச் சொல்லுங்க தம்பி. எங்களுக்குக் கேக்கல்ல."

அவர் நிமிர்ந்தார். அண்ணனின் பெயரை ரோட்டில் நின்ற கார் டிரைவருக்கும் கேட்கும்படி சொன்னார். மீதியும் வந்துவிட்டது. நிக்காஹ் சேர்ந்தது.

கேஸ் முடிந்துவிட்டதா என்று கேட்பீர்கள். இல்லை. செவ்வாய்க்கிழமை இரண்டு பிரக்கிராசிகளும் வெட்டிய வேலியைப் பற்றிக் கடிதம் எழுத ஆரம்பித்தார்கள். அடித்தது நான்தான். நான் அந்த உத்தியோகத்தை விட்ட நாளில் அந்தப் பெண்ணுக்கு இரண்டு பிள்ளைகள். வேலியில் அந்த இடைவெளியை யாரும் அடைக்கவில்லையாம்.