நாய்த் திடலில் முளைத்த மரவள்ளி

பூங்காவுக்குத் திட்டம் வரைவது என்பது, இன்னும் யாரும் வராத இடத்தில் யார் எங்கே நடப்பார்கள் என்று கனவு காணும் தொழில். முதலில் உங்களுக்கு ஒரு விடுகதை. வாசல் உண்டு, வீடு இல்லை. வேலி உண்டு, பயிர் இல்லை. பாலம் உண்டு, ஆறு இல்லை. அது என்ன?

தெரியவில்லையா? கொல்லிமலையில் ஒரு பொதுப் பூங்காவின் மேற்கு மூலையில் நான் அமைத்த நாய் விளையாட்டுத் திடல்தான். நாய்கள் தடையைத் தாண்டி, குழாயில் நுழைந்து, மரப்பாலத்தில் ஏறி இறங்கி ஓடுவதற்கான இடம். மலைக்கு வரும் பயணிகள் இப்போது நாய்களையும் காரில் அழைத்து வருகிறார்கள். அதனால் மேலிடத்துக்கு இந்த யோசனை. வரைபடத்தை விரித்து ஊராருக்கு விளக்கம் சொல்லி நொந்த தோழர்களே, இது உங்களுக்காக.

தாண்டுவதற்கு ஒரு வேலி

சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்ட காலையில் பனிமூட்டம் இறங்கியிருந்தது. போட்ட கோடும் தெரியவில்லை, போட வேண்டிய இடமும் தெரியவில்லை. அந்த வெள்ளைக்குள்ளிருந்து மிளகு மூட்டையோடு ஓர் அம்மா வந்து நின்றார். சோளக்காடு என்ற ஊரின் சந்தைக்குப் போகிறவர். முழங்கால் உயரத்தில் நாங்கள் நட்டிருந்த தடைகளைப் பார்த்துவிட்டு, எதற்கு என்று கேட்டார். நாய்கள் தாண்டுவதற்கு என்றேன்.

அவர் மூட்டையைத் தலையில் சரிசெய்துகொண்டார். "எதுவும் தாண்டக் கூடாதுன்னுதானுங்க நாங்க வேலி போடறோம். தாண்டட்டும்னு வேலி போடறவரை இன்னிக்குத்தான் பாக்கறேன்."

குழாய்க்குள் குடியேறியவர்

நான் கடற்கரை ஊர்க்காரன். எங்கள் பக்கம் எதைக் கட்டினாலும் காற்று வரும் திசைக்கு வாய் வைப்போம். அதே பழக்கத்தில் நாய்கள் நுழையும் பெரிய சிமெண்ட் குழாயையும் மேற்கு பார்த்துப் போட்டேன். மாலையில் பள்ளத்திலிருந்து எழுந்த மேகம் நேராக அதற்குள் புகுந்தது. மறு வாய் வழியே அது மெதுவாக, அவசரமே இல்லாமல் வெளியே வந்தது. தெருநாய்கள் நான்கைந்து அரைவட்டமாக உட்கார்ந்து, உள்ளே யார் அடுப்பு மூட்டுகிறார்கள் என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்றும் நுழையவில்லை.

வேலையை விட்டுவிட்டு நானும் பார்த்துக்கொண்டு நின்றேன். அவ்வளவு அழகு. கடைசியில், இந்த மலையின் தேவனூர் நாட்டுப் பகுதியைச் சேர்ந்த கொத்தனார் அய்யாவுதான் குழாயைத் திருப்பக் கடப்பாரையைத் தேடி எடுத்தார். "நல்லாத்தானுங்க இருக்குது சார். ஆனா நாய்க்குக் கட்டின ஊட்டுல மேகம் குடியிருந்தா நமக்குக் கூலி யாருங்க குடுப்பாங்க?"

மழை ஒத்துக்கொள்ளவில்லை

வரிசையாக நட்ட கம்புகளுக்கு இடையே நாய் வளைந்து வளைந்து ஓட வேண்டும். மூங்கில் வந்து சேரவில்லை. ஒரு மரத்தடியில் நேர்நேரான குச்சிகள் கட்டுக்கட்டாகச் சாய்ந்திருந்தன. விறகு என்று நினைத்து, அதையே நடலாம் என்றேன். அது மரவள்ளி, அடுத்த நடவுக்கு எடுத்து வைத்தது. முளைக்குமே என்று அய்யாவு கொஞ்சம் யோசித்தார். பிறகு, கணுக்களைச் சீவிவிட்டால் முளைக்காது என்று அவரே கத்தி எடுத்துச் சீவினார். நட்டோம்.

ஒரு வாரம் மழை. எட்டாம் நாள் வந்து பார்த்தால் ஒவ்வொரு கம்பிலும் சிவப்புக் காம்போடு தளிர். சீவாமல் விட்ட கணு எங்கேயோ ஒளிந்திருந்திருக்கிறது. நான் அய்யாவுவைப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்தார். "நான் சீவினதை மழை ஒத்துக்கலீங்க."

சுக்கு

அப்போதுதான் பூங்கொடி வர ஆரம்பித்தாள். நான்காம் வகுப்பு. கூடவே சுக்கு நிறத்தில் ஒரு நாய், பெயரும் சுக்கு. மரவள்ளிக் காட்டில் காவலிருந்த நாய் அது. இங்கே காடு என்றால் விளைநிலம். போன வருடம் இலைக்குள்ளிருந்து பாய்ந்த காட்டுப்பன்றி அதைத் தூக்கி எறிந்துவிட்டது. காயம் ஆறிவிட்டது. ஆனால் இலை அசையும் சத்தம் கேட்டாலே சுக்கு தரையோடு தரையாகப் படுத்துவிடும்.

மகளைத் தேடி வந்த அப்பா பொன்னுசாமி என்னிடம் மறைக்கவில்லை. "காட்டுக்கு வராத நாயை வெச்சுக்கிட்டு நான் என்னங்க பண்றது? கிழங்கு திரளற வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள தேறலீன்னா அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டி லாரிக்காரர்கிட்டக் குடுத்துருவேன். குடோன்ல கட்டிப் போட ஒரு நாய் கேட்டிருக்காருங்க."

பிடுங்காதீர்கள்

மூங்கில் வந்து சேர்ந்தது. முளைத்த கம்புகளைப் பிடுங்கப் போனேன். பூங்கொடி ஓடிவந்து குறுக்கே நின்றாள். நான் முன்பே கவனித்திருக்க வேண்டியதை அவள் காட்டினாள்: உள்ளங்கை அளவு இலைகளுக்கு நடுவே சுக்கு நின்றுகொண்டிருந்தது. நடுக்கம் இருந்தது, ஆனால் படுக்கவில்லை.

"புடுங்காதீங்க சார்! நெசக் காட்டுல இலையெல்லாம் இவன் தலைக்கு மேல நிக்குது. இங்க இப்பத்தான் முளைச்சிருக்குது. இது வளர வளர இவனும் பழகிக்குவான்."

திறப்பு விழாவுக்கு முந்தின நாள்

மூங்கில் ஓரமாகவே கிடந்தது. மரவள்ளி என் இடுப்பு வரை வளர்ந்தது. மேலிடத்திலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு நாயாவது ஓடிக் காட்ட வேண்டும். இல்லையென்றால் அந்த மூலை கார் நிறுத்தமாகிவிடும் என்று காதில் விழுந்தது. என்னிடம் இருந்த ஒரே நாய் சுக்கு. விழாவில் அதனோடு ஓடப் போவது தான்தான் என்று பூங்கொடி பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

முந்தின நாள் மாலையில் பொன்னுசாமி வந்தார். பனிமூட்டத்துக்குள் இலைகள் சலசலவென்று அசைந்தன. எதுவும் தெரியவில்லை; அசைவு மட்டும் வரிசையில் வளைந்து வளைந்து போயிற்று. மறுமுனையில் சுக்கு வெளியே வந்து, உடம்பை உதறி, வாலை ஆட்டியது.

"ஏனுங்க சார், நெசமாலுமே நம்ம சுக்குங்களா?" என்றார் பொன்னுசாமி. கிழங்கு திரண்டுவிட்டதாம். நேற்றே பன்றி வந்து வரப்பைக் கிளறிவிட்டுப் போயிருக்கிறதாம். இன்று ராத்திரியே காவலுக்கு நாய் வேண்டுமாம். ஒரே ஒரு நாள் கொடுங்கள் என்று நான் கேட்டேன். அவர் மகளிடம் குனிந்தார். "நாய் உன்னோடது கண்ணு. இனி அதை யாருக்கும் குடுக்க மாட்டேன். நீயே சொல்லு. நாளைக்கு இங்க ஓடட்டுமா, இன்னிக்கே காட்டுக்கு வரட்டுமா?"

நாம் கட்டியது சரியாக வேலை செய்துவிட்டால், அதைத் திறந்து வைக்க ஆள் மிஞ்சுவதில்லை என்பதுதான் தோழர்களே, இந்தத் தொழிலின் லட்சணம்.

காட்டுக்கு வரட்டும் என்றாள் பூங்கொடி.