பத்தாம் நம்பர் கை

கம்பெனி பஸ் தாமரைப்பாக்கம் கூட்டுரோட்டைத் தாண்டும்போது ஆரோக்கியமேரி அநேகமாகத் தூங்கிவிட்டிருப்பாள். அவளுடைய வலது கை மட்டும் தூங்காது. மடியில் இருக்கும் சாப்பாட்டுப் பையின் மேல் அது மெல்ல இடமும் வலமுமாக நகரும். நடுநடுவே கட்டைவிரல் எதையோ அழுத்தும். பக்கத்து சீட்டு அருணா முதல் தடவை இதைப் பார்த்தபோது வலிப்பு வந்துவிட்டதோ என்று பயந்து, தோளைப் பிடித்து உலுக்கிவிட்டாள்.

"இன்னா அருணா, நல்லா பறந்துகினு இருந்தேன், எழுப்பி வுட்டுட்டியே" என்றாள் மேரி, பாதிக் கண்ணைத் திறந்து.

மேரிக்கு நாற்பத்திரண்டு வயது. மணவாள நகரில் வீடு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் பதினாறு வருட வேலை. அச்சிலிருந்து சூடாக வந்து விழும் சாமான்களின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறைக் கத்தியால் சீவி எடுக்க வேண்டும். அந்த வரிசையில் பதினெட்டுப் பெண்கள். புருஷன் ஸ்டீவன் வேறொரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். ஒரே மகள் மோனிகா நர்சிங் படிக்க வேலூர் ஹாஸ்டலுக்குப் போனபோது தன் கம்ப்யூட்டரை விட்டுவிட்டு, "வாரத்துக்கு ஒரு தபா ஆன் பண்ணி வைம்மா, இல்லன்னா கெட்டுப்பூடும்" என்று சொல்லிப் போனாள். மேரி சொன்ன சொல் தவறாதவள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து ஆன் செய்தாள். திரையில் ஒரு வெள்ளைப் பறவையின் படம் இருந்தது. அதை அமுக்கினாள். கடல் வந்துவிட்டது.

அப்படி ஒரு கடலை அவள் எண்ணூர்ப் பக்கமும் பார்த்ததில்லை, பழவேற்காட்டிலும் பார்த்ததில்லை. கீழே நீலமும் பச்சையுமாகத் தண்ணீர், அங்கங்கே தீவுகள். மேகத்துக்குள் புகுந்தால் சத்தமெல்லாம் அடங்கிவிடும். மவுசைச் சற்று நகர்த்தினால் போதும், பறவை அந்தப் பக்கம் சாய்ந்து இறங்கும். யாரையும் சுட வேண்டாம், யாரையும் முந்த வேண்டாம். கடல் நடுவே நிற்கும் பாறை வளைவுகளுக்குள் நுழைந்து வெளியே வந்து போய்க்கொண்டே இருக்கலாம். ஐந்து மணிக்கு வீடு திரும்பி, ஒரு காபியைக் குடித்துவிட்டு ஆறு மணிவரை பறப்பாள். ஜன்னல் வழியாக மஞ்சள் வெயில் வந்து திரைமேல் விழும். வீட்டு வெளிச்சம் எது, கடல் வெளிச்சம் எது என்று பிரித்துப் பார்க்க அவளுக்குத் தோன்றியதே இல்லை. இந்த வயதில் என்ன கேம் வேண்டியிருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. எட்டரை மணி நேரம் நின்றபடி பிசிறு சீவிவிட்டு வந்து கேட்கட்டும், அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

பதினோரு வளைவுகளைத் தாண்டிவிட்டாள். பன்னிரண்டாவதுதான் பேஜாரு. இடைவெளி ரொம்பக் குறுகல். கட்டைவிரலால் மவுசின் பக்கப் பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டு, மணிக்கட்டை மயிரிழை அளவு திருப்ப வேண்டும். சரியாக அந்த இடத்தில் வலி வரும். மணிக்கட்டில் பிடித்து முழங்கை வரை சுரீரென்று இழுக்கும். பறவை பாறையில் மோதிக் கடலில் விழும்.

கை வலிக்கிறது என்று நாலு பேரிடம் சொல்லிப் பாருங்கள், நாலு பேரும் டாக்டராகிவிடுவார்கள். ஒருத்தி தைலம் கொடுத்தாள், ஒருத்தி உப்பு ஒத்தடம் என்றாள், ஒருத்தி ஜெபித்த எண்ணெய் கொண்டுவந்தாள். நிஜ டாக்டர், கம்ப்யூட்டர் விளையாட்டு என்று காதில் விழுந்ததுமே, "அதைக் குறைச்சுக்குங்கம்மா" என்று முடித்துவிட்டார். வேலையைப் பற்றி அவர் கேட்கவில்லை, மேரியும் சொல்லவில்லை. வேலையில் வலிப்பதெல்லாம் ஒரு வலியா? ஊரில் எல்லோருக்கும் வலிக்கிறது. தனக்கென்று ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டதற்குத்தான் கை இப்படித் தண்டிக்கிறது என்று அவள் மனதார நம்பினாள். அந்த நம்பிக்கைதான் வலியைவிட அவளை அதிகம் வருத்தியது.

ஸ்டீவன் ஒருநாள் தீர்ப்புச் சொன்னான். "நல்ல மவுசா ஒண்ணு வாங்கு மேரி. கைக்குன்னே டிசைன் பண்ணது இப்ப வருதாம். அதுலயும் வலிச்சுதுன்னா பொட்டிய மூட்டை கட்டி பரண் மேல ஏத்திட்றேன். அப்பால அழக்கூடாது."

மாதா படத்தைப் பார்த்துக்கொண்டே மேரி சரி என்றாள். பன்னிரண்டாவது வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் போய்விடுவோமோ என்ற கவலை அன்றைக்கே அவளைப் பிடித்துக்கொண்டது.

மணவாள நகர் பஜாரில் சரவணகுமார் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்தபடியே மேரி அவனுக்கு போன் போட்டு அந்த மவுசைக் கேட்டாள்.

"இதுல சைசு கீதுக்கா. சின்னது, நடு, பெருசு. உங்க கை இன்னா சைசு?"

இதற்கு யோசிக்க வேண்டுமா? "பத்துப்பா. கிளவுசு பத்தாம் நம்பர்."

கம்பெனியில் கத்தி கிழிக்காத கையுறை கொடுப்பார்கள். கொடுக்கும்போது ஸ்டோர் தேசப்பன் நோட்டில் எழுதிக்கொள்வார்: ஆரோக்கியமேரி, பத்து. அருணா, பத்து. பதினாறு வருடமாக மாதா மாதம் அந்த எண்ணுக்கு எதிரில் கையெழுத்துப் போடுகிறவளுக்குத் தன் கையின் அளவு தெரியாதா?

"பத்தா? அப்ப பெரிய கைதான்" என்று சரவணகுமார் பெரிய சைசை வரவழைத்துவிட்டான்.

மவுஸ் வந்தது. கருப்பாக, ஒரு பக்கம் உயர்ந்து, கைகுலுக்குவதற்கு நீட்டினாற்போல் சாய்ந்திருந்தது. மேரி கையை வைத்தாள். விரல் நுனிகள் பொத்தான்களுக்குப் பாதி வழியிலேயே நின்றுவிட்டன. கட்டைவிரலை எட்டிப் போட வேண்டியிருந்தது. நல்ல பொருள் பழகப் பழகத்தான் சரியாகும், கையுறைகூட முதலில் அப்படித்தானே இருந்தது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இரண்டு வாரம் எட்டி எட்டிப் பறந்தாள். பறவை பன்னிரண்டாவது பாறையில் எத்தனை முறை விழுந்தது என்பது அந்தக் கடலுக்கே வெளிச்சம். ஒரு சனிக்கிழமை மதியம் சோற்றுப் பானையை இறக்கப் போனவள் இறக்க முடியாமல் அப்படியே நின்றாள்.

அன்று கம்ப்யூட்டரின் மேல் பழைய பெட்ஷீட்டைப் போட்டு மூடினாள். "நாளைக்கி பரண்ல ஏத்திடுங்க" என்று ஸ்டீவனிடம் சொன்னாள். சொல்லும்போது குரல் நன்றாகத்தான் இருந்தது. பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

சாயங்காலம் மவுசைத் திருப்பிக் கொடுக்கக் கடைக்குப் போனாள். டப்பாவை மேஜைமேல் வைத்த கையைச் சரவணகுமார் பார்த்தான். டப்பாவைப் பார்த்தான். மறுபடி கையைப் பார்த்தான்.

"அக்கா, கைய இங்க விரிச்சு வைங்க."

ஸ்கேலை எடுத்து மணிக்கட்டு மடிப்பிலிருந்து நடுவிரல் நுனிவரை வைத்து, போனில் கையுறை அளவுப் பட்டியலோடு ஒப்பிட்டான். "பதினாறரை சென்டிமீட்டர். இது எங்கக்கா பத்து? ஏழுதான் வரும். சின்னக் கைக்கா உங்களுது."

"போப்பா. நான் பத்துதான் போட்றேன்."

"வளையலு இன்னா சைசு போடுவீங்க?"

"கம்பெனில வளையல் போடக்கூடாது. போட்டு பதினாறு வருசமாவுது. கல்யாணத்தப்போ ரெண்டே நாலு." அவள் குரல் தணிந்தது. "வேலை செஞ்சு செஞ்சு கை பெருசாயிட்ச்சுன்னு நெனச்சேன்."

சரவணகுமார் சிரிக்கவில்லை. "அவ்ளோ பெரிய கிளவுசு கழண்டு வராதா?"

"வரும். அதுக்குத்தான் மணிக்கட்டுல ரப்பர் பேண்டு போட்டுக்குவோம். ரெண்டு சுத்து. எல்லாருந்தான்."

சொல்லிவிட்டு அவளே தன் மணிக்கட்டைப் பார்த்தாள். சிவப்பாக ஒரு கோடு. சனிக்கிழமை அரை நாள் வேலைக்கே அப்படிப் பதிந்திருந்தது. அந்தக் கோட்டின்மேல் இடது கை விரலை வைத்து அழுத்தினாள். வலி அங்கேதான் இருந்தது. நுனியில் காலியாக மடங்கிக் கிடக்கும் கையுறை விரல்கள், வழுக்கிவிடுமோ என்று கத்தியை இறுக்கிப் பிடிக்கும் பிடி, ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு சாமான் என்று வரிசையாக அவளுக்கு நினைவு வந்தது. கடலின்மேல் ஒரு குற்றமும் இல்லை. சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

சரவணகுமார் அதே மாதிரியில் சின்ன சைசை வரவழைத்துத் தருவதாகச் சொன்னான். மேரி வீட்டுக்கு வந்து ஸ்டீவனிடம், "ஒரு மாசம் கயிச்சு ஏத்துங்க" என்றாள். பெட்ஷீட்டை மட்டும் எடுக்கவில்லை.

திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் கேன்டீன் மேஜைமேல் ஒரு பெரிய அட்டையைப் போட்டாள். முதலில் தன் கையை வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்தாள். அடுத்து அருணா. "இன்னாக்கா இது, எல்.கே.ஜி. பசங்க மாதிரி" என்று சிரித்தபடியே கை வைத்தாள். பதினெட்டுப் பேரும் வைத்தார்கள். ஸ்கேல் வைத்து அளந்து சரவணகுமார் சொன்ன கணக்கில் பார்த்ததில் இருப்பதிலேயே பெரிய கை எட்டு. மீதியெல்லாம் ஏழு, சில ஆறு. சிரிப்பு மெதுவாக நின்றுபோயிற்று. ஒவ்வொருத்தியும் தன் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

அட்டையைத் தூக்கிக்கொண்டு மேரி ஸ்டோருக்குப் போனாள். தேசப்பன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். நல்ல மனிதர், ஒருநாளும் யாருக்கும் இல்லை என்று சொன்னதில்லை.

"மொதல்ல ஆம்பளைங்கதாம்மா இருந்தாங்க. அப்பத்துலேர்ந்து பத்துதான் வருது. நீங்க யாரும் ஒண்ணும் சொல்லலியே?"

"எங்க கைதான் பெருசுன்னு இருந்துட்டோம் அண்ணா."

தேசப்பன் அட்டையை வாங்கி, சாமான் கேட்டு எழுதும் இன்டென்ட் புத்தகத்தை எடுத்து, பேர் பேராக எழுதினார்: ஆரோக்கியமேரி, ஏழு.

கையுறை வர இருபது நாளாயிற்று. ஏழாம் நம்பரை மேரி மாட்டியபோது துணி விரல் நுனியைத் தொட்டது. பிசிறு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதை முதல்முறையாகக் கை உணர்ந்தது. குப்பைக் கூடையில் பதினெட்டுப் பேரின் ரப்பர் பேண்டுகளும் கிடந்தன.

அடுத்த மாதத்தில் ஒரு சாயங்காலம் மேரி பெட்ஷீட்டை எடுத்தாள். சின்ன மவுசின்மேல் கை முழுசாக உட்கார்ந்தது. மேகம், தீவு, மஞ்சள் வெயில், பன்னிரண்டாவது வளைவு. கட்டைவிரல் அழுத்தியது, மணிக்கட்டு திரும்பியது. பாறை இரண்டு பக்கமும் உரசாமல் வழிவிட்டது.

பின்னால் நின்றிருந்த ஸ்டீவன் கேட்டான். "அந்தாண்ட இன்னா கீது?"

"கடல்தான்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். நல்லா கீதுல்ல?"

அவன் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். மவுசிலிருந்து அவள் கையை எடுத்துத் தன் உள்ளங்கையோடு சேர்த்து வைத்துப் பார்த்தான். அவளுடைய விரல்கள் அவனுடைய விரல்களின் கடைசிக் கணுவைக்கூட எட்டவில்லை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம்.

"இவ்ளோ சின்னதாடி உன் கை?" என்றான்.

"நானும் இப்பதான் பாத்தேன்" என்றாள் மேரி.