அப்பா பெயர் பொறித்த தகடு

இதை நான் அண்ணனிடம் சொல்லியிருக்க வேண்டும். உங்களிடம் சொல்கிறேன்.

மேலகரத்தில் அப்பா தொடங்கிய சைக்கிள் கம்பெனியை, அவருக்குப் பின் நானும் அண்ணனும் நடத்தினோம். ஃபிரேம், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் எல்லாம் அண்ணன் பற்றவைப்பார். புதுச் சைக்கிளில் நெல்மூட்டையை ஏற்றிக் குற்றாலம்வரை ஓட்டிப் பார்ப்பது என் வேலை. நான் திரும்பி வந்த பிறகே அப்பா பெயர் பொறித்த பித்தளைத் தகட்டை அதில் பொருத்துவோம்.

நயா பைசா புதிதாக வந்திருந்த வருஷம். ஆடிச் சாரல் விடவே இல்லை. நனையச் சோம்பல்பட்டு, ஒரு சைக்கிளை ஓட்டாமலே தகட்டைப் பொருத்திவிட்டேன்.

அதை வாங்கிய கடையத்து விவசாயி பத்தாம் நாள் நொண்டிக்கொண்டே வந்தார். ஃபோர்க் ஒடிந்து விழுந்ததில் முன்பல் இரண்டு போயிருந்தது. சண்டைக்கு வருகிறார் என்றே நினைத்தேன். அவரோ மடியிலிருந்து தகட்டை எடுத்து அண்ணனிடம் நீட்டினார்.

“ஒடஞ்ச வண்டியில ஒங்க அப்பா பேரு கெடக்க வேண்டாம் அண்ணாச்சி. நாலு பேரு பாக்குறதுக்கு முன்ன கழட்டிட்டேன்.”

அண்ணன் என் பக்கம் திரும்பினார். “ஏலே, இத ஓட்டிப் பாத்தியா?”

“பாத்தேண்ணே.”

அவர் என்னைச் சந்தேகப்படவே இல்லை. தன் கைகளைத்தான் பார்த்தார். “மூட்டையோட ஓட்டியும் தெரியலன்னா, இனி என் கைய நம்ப முடியாதுலே.”

அதன்பிறகு அவர் பற்றவைக்கவே இல்லை. வேறு ஆள் வைக்கவும் சம்மதிக்கவில்லை. அடுத்த சாரலுக்குள் கம்பெனியை மூடிவிட்டோம்.

வருஷங்கள் கழித்து அண்ணன் சாகக் கிடந்தபோது, தண்ணீர்த் தம்ளரை நீட்டினேன். “நீயே பிடிச்சுக்கோலே, என் கை சரியில்ல” என்றார்.

பிடித்துக்கொண்டேன். அப்போதும் சொல்லவில்லை.