பின்னோக்கி அமர்ந்த மகளும் முன்னோக்கிப் போன என் கழுத்தும்

விபத்துக்குப் பிறகு என் கழுத்து செய்ய மறுத்த முதல் வேலை, பின்னால் திரும்பிப் பார்ப்பது.

பின் சீட்டில் என் மகள் ஜெனி இருந்தாள். இரண்டே கால் வயது. திண்டுக்கல்லிலிருந்து வடமதுரைக்கு, என் அண்ணன் வீட்டுக்கு நானும் அவளும் மட்டும் போய்க்கொண்டிருந்தோம். குறுக்கே ஓடிய ஆட்டுக்காக வண்டியைத் திருப்பினேன். கார் ஒரு சிறு பாலத்தின் கைப்பிடிச் சுவரில் போய் மோதி நின்றது. ஆடு எதிர்ப்பக்கம் நின்று வேலி இலையை மென்றுகொண்டிருந்தது. ஜெனியிடமிருந்து சத்தமே இல்லை.

"ஜெனி" என்று கூப்பிட்டேன். திரும்ப முயன்றேன். பிடரியிலிருந்து தோள்வரை சூடான கம்பியை இழுத்தது போல வலித்தது. பெல்ட்டை அவிழ்த்து இறங்கி, காரைப் பிடித்துப் பிடித்துப் பின்கதவுக்குப் போனேன். நாலு எட்டுதான். அதற்குள் என் வீட்டுச் சாமிகளையும் மனைவி வீட்டு மாதாவையும் ஒருவர் விடாமல் கூப்பிட்டு முடித்திருந்தேன்.

கதவைத் திறந்தேன். ஜெனி தன் வெறுங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, பிஸ்கெட்டு விழுந்துருச்சு" என்றாள். அதன் பிறகுதான் அழுதாள். அதுவும் பிஸ்கெட்டுக்காக.

அவள் உட்கார்ந்திருந்த இருக்கையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். என் மனைவி ஸ்டெல்லாவின் அக்கா சுவீடனில் நர்ஸ். விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்தது. அதில் குழந்தை காரின் பின்கண்ணாடியைப் பார்த்தபடி உட்கார வேண்டும். நான்கு வயதுவரை அப்படியே வைத்திருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அதை மாட்டுவதற்காகப் பின் சீட்டு பெல்ட்டுகளை மெத்தைக்கு அடியிலிருந்து தோண்டி எடுத்தோம். முந்தைய உரிமையாளர் தின்ற வேர்க்கடலைத் தோலும் கூடவே வந்தது.

நான் ஆயுள் காப்பீட்டு முகவர். நாளைக்கு என்ன நடக்குமோ என்று ஊரெல்லாம் சொல்லிப் பிழைப்பவன். என் காரில் ஒன்றும் நடக்காது என்று மட்டும் உறுதியாக நம்பியிருந்தேன்.

அந்த இருக்கையைப் பார்த்த அன்றே அண்ணன், "ஏலே, பிள்ளைய என்னலே கோவிச்சுக்கிட்டுப் போற மாதிரி உக்கார வச்சிருக்க?" என்று கேட்டார். பிரியாணிக் கடை வாசலில் வண்டி நிறுத்த இடம் காட்டுபவர், "சார், சீட்ட மாத்தி மாட்டிட்டாங்க" என்று வருத்தப்பட்டார். ஜெனிக்கு ஒரு வயது தாண்டியதும், சீட்டை முன்னால் திருப்பிவிடலாம் என்று நானும் தொடங்கினேன். விபத்து நடந்த காலையிலும் அதே பேச்சுதான்.

"கால் மடங்கிக் கெடக்கு பாரு" என்றேன்.

"மடங்கட்டும். வீட்டுல சம்மணம் போட்டுத்தான சாப்புடுறா? அப்ப நோகலயா?" என்றாள் ஸ்டெல்லா. "சீட்டத் திருப்புனா சாவி கெடையாது. பஸ்ஸுல போங்க."

சாவிக்காகத்தான் ஒப்புக்கொண்டேன். அறிவு வந்து அல்ல. இதே வாக்குவாதம் உங்கள் வீட்டிலும் நடந்துகொண்டிருக்கலாம். அதனால்தான் இதை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

மருத்துவமனையில் முதலில் ஜெனியைத் தலை முதல் கால் வரை சோதித்தார்கள். ஒரு கீறல் இல்லை. எக்ஸ்ரே அறையின் வாசலில் அவள் ஓடிக்கொண்டிருந்தாள். ஸ்ட்ரெச்சரில் நான் கூரையைப் பார்த்துக் கிடந்தேன். எனக்கு விப்லாஷ் (கழுத்து சாட்டை போல முன்னும் பின்னும் வீசப்படுவதால் தசையும் தசைநாரும் காயப்படுவது) என்றார் எலும்பு மருத்துவர். எலும்பு முறியவில்லை. சர்வைகல் காலர் (கழுத்தை அசையவிடாத பட்டை) போட்டார்.

"பிள்ள முன்னாடி பாத்து உக்காந்திருந்தா?" என்று கேட்டேன்.

அவர் ஜெனியைக் கூப்பிட்டு மேசைமேல் உட்கார வைத்துக்கொண்டார்.

"உங்க கழுத்து வளந்து முத்துன கழுத்து. அதுக்கே இந்தக் கதி. இவளுக்கு உடம்புக்குத் தல பெருசு, கழுத்து இன்னும் குருத்து. முன்னாடி பாத்திருந்தா உடம்ப பெல்ட்டு பிடிச்சிருக்கும், தலைய யாரு பிடிக்கிறது? பின்னாடி பாத்து உக்காந்ததால முதுகு, கழுத்து, தல மூணையும் சீட்டே சேத்துத் தாங்கிருச்சு."

செய்தி கேட்டு ஓடி வந்திருந்த ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம் என்றால், அதற்கும் கழுத்து வேண்டும்.

காலர் வாழ்க்கையைப் பற்றி யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. குனிய முடியாது, தட்டில் இருப்பது சாம்பாரா ரசமா என்று வாயில் வைத்தால்தான் தெரியும். கீழே சிந்தும் சோறு காலருக்குள் போய்ச் சேரும். யாராவது கூப்பிட்டால் பழைய பீரோவை நகர்த்துவது போல உடம்பையே திருப்ப வேண்டும். ஜெனி துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு என்னைப் போலவே நடந்து காட்டினாள். பாலிசி எடுக்கச் சொல்லி நான் ஆண்டுக்கணக்கில் அலைந்த இரண்டு பேர், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே காலரைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்கள்.

காலரைக் கழற்றியதும் பயிற்சிகள் தொடங்கின. முதல் வாரம் தலையை வலப்பக்கம் ஒரு விரற்கடை திருப்பியதற்கே ஸ்டெல்லா கைதட்டினாள். வலி ஒரே நாளில் போகவில்லை. இரண்டு நாள் போய், மூன்றாம் நாள் வந்து எட்டிப் பார்க்கும். உங்களுக்கும் அப்படி இருந்தால் பயப்பட வேண்டாம்.

விபத்தில் சிக்கிய இருக்கையை, வெளியே பழுது தெரியாவிட்டாலும், மறுபடி பயன்படுத்தக் கூடாது என்று ஸ்டெல்லாவின் அக்கா சொல்லியிருந்தார். எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி. பூத்துக்குப் போய் நானே அவருக்குப் போன் போட்டேன்.

"அதே மாதிரி இன்னொண்ணு வேணும், அண்ணி."

"முன்னாடி பாக்குறதா, பின்னாடி பாக்குறதா?" என்று கேட்டார். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை, சுவீடனுக்கு ஆகும் போன் கட்டணத்தைக் கொடுத்துக் கேட்டேன்.

நான்கு வயதும் சில மாதங்களும் ஆனபோது ஜெனி அந்த இரண்டாவது இருக்கையின் அளவைத் தாண்டினாள். முன்னோக்கிய இருக்கை ஒன்றை மாட்டி, வடமதுரைக்குக் கிளம்பினோம். புறநகர் தாண்டியதும் கண்ணைப் பொத்திக்கொண்டு கத்தினாள்.

"அப்பா, எல்லாம் நம்ம மேல வருது!"

அதுவரை அவளுக்குச் சாலை என்றால் விலகிப் போவது. அது நம்மை நோக்கி வருவது என்று எனக்குத் தெரியவே முப்பத்தாறு வயதும் ஒரு கழுத்தும் செலவாகியிருந்தன.

"செத்த பொறு, அப்பா மெதுவாப் போறேன்" என்றேன். முன்பெல்லாம் அரை மணியில் முடிந்த பயணம் இப்போது ஒரு மணி நேரத்தைத் தொடுகிறது. அவசரமாகப் போன எந்த நாளிலும் அப்படி என்ன வேலை இருந்தது என்று நினைவில்லை.

புல்லுக்கட்டு ஏற்றிய ஒரு மொபெட் எங்களை முந்திப் போனது. ஓட்டியவர் தலையை முழுதாகத் திருப்பி, எங்களை ஏற இறங்கப் பார்த்தார். அவ்வளவு சுலபமாகத் திருப்பினார். எனக்குப் பொறாமையாக இருந்தது.