எங்கள் வீட்டு முறை

எங்கள் ஜெபக்கூட்டம் வாரம் ஒரு வீடாக, முறைவைத்து நடக்கும். கூட்டத்துக்கு வரும் ஞானமணி அக்காவோடு ஏற்பட்ட மனத்தாங்கலில், "இனி நான் தனியவே ஜெபிப்பன்" என்று விலகிவிட்டேன்.

ஒரு பின்னேரம், பாலையூற்று ஊரில் உள்ள என் வீட்டில் தனியாக இருந்தபோது, குசினியில் விறகுக்குள் கைவிட்டேன். பாம்பு கடித்துவிட்டது. நாக்குத் தடித்தது; கத்த முடியவில்லை. பயத்தில் ஜெபமும் வரவில்லை. அப்போது வாசலில் ஜெபக்கூட்டத்துப் பெண்களின் குரல்கள் கேட்டன.

"அவதான் வரமாட்டன் எண்டவ. வாங்கோ, போவம்."

காலடிச் சத்தம் திரும்பியது. என் உயிரும் அதோடு போவதுபோல் இருந்தது.

"கோவிச்சாலும் இண்டைக்கு அவவின்ர வீட்டு முறைதானே," என்றது ஞானமணி அக்காவின் குரல். "தட்டிப் பாப்பம்."

பக்கத்தில் இருந்த செம்பைக் காலால் உதைத்தேன். சத்தம் கேட்டு, கதவை உடைத்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

இப்போது எங்கள் கூட்டத்தில் யாராவது கோபித்துக்கொண்டு விலகினால், முதலில் போய்க் கதவைத் தட்டுபவள் நான்தான். திறக்கும்வரை திரும்புவதில்லை.