ஒன்பதாம் போர்ட்டில் இருந்த ஒரு வரி

கடைகளுக்கு இன்டர்நெட் வயர் பிரியும் சுவிட்ச் பெட்டியில், பதினேழாவது போர்ட்டுக்கு அதே எட்டு வரி செட்டிங்கை ஒட்டிக்கொண்டிருந்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. இதை ஏன் போர்ட் போர்ட்டாக எழுத வேண்டும்? ப்ரொஃபைல் என்ற ஒரு பொதுப் பட்டியலில் ஒருமுறை எழுதிவைத்தால், எல்லா போர்ட்டும் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளுமே! பிறகு ஒரு வரி மாற வேண்டுமென்றால் ஓரிடத்தில் மாற்றினால் போதும். என் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை, சுவிட்சிலேயே இருக்கும் வசதிதான். ஆனால் சாரம் ஏரியாவில் இருக்கும் எங்கள் சின்ன இன்டர்நெட் கம்பெனியில் அதுவரை யாரும் அதைத் தொட்டதில்லை. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத எனக்கு உட்காரவே முடியவில்லை.

மேனேஜர் தனசேகர் சாரிடம் ஓடினேன்.

"நல்லாத்தான்டா இருக்கு. பெரிய மார்க்கெட் பக்கத்து காம்ப்ளெக்ஸ்ல போட்டுப் பாரு. ஆனா எல்லா போர்ட்டும் ஒரே மாதிரிதானா? ஒவ்வொண்ணா பாத்தியா?"

"பாத்துட்டேன் சார்."

மேலோட்டமாக ஓட்டிப் பார்த்திருந்தேன், அவ்வளவுதான்.

கடைக்காரர்கள் லைனைப் பக்கத்துக் கடைக்குப் பங்கு போடக்கூடாது என்பதற்காக, எங்கள் கம்பெனியில் ஒரு போர்ட்டுக்கு ஒரு மெஷின், அதாவது ஒரு கம்ப்யூட்டர்தான். இரண்டாவது மெஷின் தலைகாட்டினால் போர்ட் தானாக மூடிக்கொள்ளும். ப்ரொஃபைலிலும் அதையே வைத்தேன். ஒன்பதாம் போர்ட்டில் மட்டும் எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவர் தனியாக ஒரு வரி போட்டிருந்தார்: பல மெஷின் வரலாம் என்று. போர்ட்டில் தனி வரி இருந்தால் ப்ரொஃபைல் சொல்வது அங்கே எடுபடாது. அந்த வரி எதற்கு என்று நான் யாரையும் கேட்கவில்லை. வரிசையின் அழகைக் கெடுக்கிறது என்று நீக்கிவிட்டேன்.

காலையில் கடைகள் திறக்கும் முன்பே ப்ரொஃபைலை ஏற்றினேன். எல்லாம் பச்சை. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஆபீஸ் குரூப்பில் போட்டு, யார் யார் கைதட்டுகிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

பத்து மணிக்குமேல் போன். காம்ப்ளெக்ஸ் மாடியில் ஃபிரெஞ்சு வகுப்பு நடத்தும் மதாம்.

"தம்பி, நெட்டு போச்சுப்பா! ஒரு பொண்ணு ஆன்லைன்ல ஒரால் பரீட்சையில, பேசிக் காட்டுற பரீட்சையில இருக்கு. பாதியில நின்னுடுச்சு."

"எங்க சைடுல எல்லாம் பச்சையா இருக்கு மதாம். உங்க வயரைப் புடுங்கி மாட்டிப் பாருங்க."

நான் பார்த்துச் சொன்னது காலையில் எடுத்த ஸ்க்ரீன்ஷாட்டை.

மூன்றாவது முறை அவர் கூப்பிட்டபோது பைக்கை எடுத்தேன். வகுப்பில் நான்கைந்து கம்ப்யூட்டர். எல்லா வயரும் மூலையில் ஒரு சின்ன சுவிட்சுக்குப் போய், அங்கிருந்து ஒரே வயராக எங்கள் ஒன்பதாம் போர்ட்டுக்கு வருகிறது. மேஜைக்கு அடியில் ஒரு பெண் குந்தி உட்கார்ந்து, ஒரு கேபிளை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். மதாம் போனில் சொன்ன பெண் அவள்தான், முதலியார்பேட்டை யாழினி. மேல்படிப்புக்கு இந்தப் பரீட்சை பாஸாக வேண்டும்.

"நான்தாண்ணா காலால தட்டிட்டேன் போல," என்றாள். கன்னமெல்லாம் ஈரம்.

"எத்தினி வாட்டி சொல்லியிருக்கேன், கால ஆட்டாதடீன்னு!" என்றார் மதாம்.

லேப்டாப்பைத் திறந்தேன். ஒன்பதாம் போர்ட் மூடிக் கிடந்தது. யாழினி ஒருத்தியின் மெஷின் ஓடிய வரைக்கும் சிக்கல் இல்லை. மற்ற பிள்ளைகள் வந்து தங்கள் மெஷினைப் போட்டதும் என் ப்ரொஃபைல் அவள் பரீட்சையை அறுத்துவிட்டது. அந்த ஒரு வரியைத் திரும்பப் போட்டு போர்ட்டைத் திறந்தேன்.

"வந்துடுச்சு! பாத்தியா, வயருதான்," என்றார் மதாம். "உன்ன வேற அலைய வச்சுட்டோம். மன்னிச்சுக்கப்பா. காப்பி குடிச்சுட்டுப் போ."

யாழினியும் "ஸாரிண்ணா" என்றாள்.

குடித்தேன். எப்படிக் குடித்தேன் என்று தெரியவில்லை. அவள் நேரம் முடிந்துபோயிருந்தது. கோளாறு இன்டர்நெட் கம்பெனியுடையது என்று கம்பெனியே சொன்னால்தான் வேறு நேரம் கேட்க முடியுமாம். "என் கால்தானே தட்டுச்சு, எப்படிக் கேக்குறது?" என்றாள். அப்போதும் வாயைத் திறக்கவில்லை நான்.

ஆபீஸில் தனசேகர் சார் சிஸ்டத்தைப் பார்த்தபடியே கேட்டார். "பாத்துட்டேன்னு சொன்னியே?"

என் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

"கம்ப்ளெயின்ட்ட நீயே மூடு. காரணத்தையும் நீயே போடு."

காரணப் பட்டியலில் முதலாவதாகவே நின்றது 'கஸ்டமர் வயரிங்'. ஒரு க்ளிக்தான். கடைசியில் இருந்த 'எங்கள் செட்டிங் தவறு' வரைக்கும் இறங்கிப்போய் அதையே அழுத்தினேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு: ப்ரொஃபைல் போடுங்கள், நல்ல வசதி. ஆனால் ஒரு போர்ட் மட்டும் மற்றவைபோல் இல்லையென்றால், அந்த வயரின் மறுமுனையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று போய்ப் பார்த்துவிட்டு அப்புறம் கைவையுங்கள்.

அடுத்த காம்ப்ளெக்ஸில் நான் அப்படித்தான் செய்யப்போகிறேன், மாடி மாடியாக ஏறி. அதற்கு முன்னால் சாயங்காலம் மதாமின் வகுப்பு முடிவதற்குள் அங்கே போக வேண்டும். கோளாறு எங்களுடையது என்ற கடிதத்தில் சார் கையெழுத்துப் போட்டுத் தந்துவிட்டார். அதைக் கொடுப்பது சுலபம். மதாம் கேட்க, எல்லாப் பிள்ளைகளும் கேட்க, "உன் கால் படலம்மா, நான்தான்" என்று யாழினியிடம் சொல்ல வேண்டும். அதைத்தான் வழியெல்லாம் சொல்லிப் பார்க்கப்போகிறேன்.